பல் எக்ஸ்ரே ஃபிலிமைக் ‘கழுவுவது’ என்றால் என்ன?

“கொஞ்சம் உட்காருங்க, படத்தைக் கழுவி எடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் பல் மருத்துவமனை உதவியாளர் ஒரு சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதை, ஃபிலிமில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் பார்த்திருப்பார்கள். ‘கழுவுவது’ என்ற சொல் ஃபோட்டோ ஸ்டுடியோக்களின் காலத்திலிருந்து நம்மிடம் தங்கிவிட்டது. பேச்சுக்கு அது போதும். ஆனால், எக்ஸ்ரே பட்டவுடன் படம் முழுமையாகப் பதிந்துவிடுகிறது, அதன்மேல் ஏதோ ஒரு பூச்சு மூடியிருக்கிறது, தண்ணீரில் அலசினால் பூச்சு கரைந்து படம் தெரியும் என்ற தவறான எண்ணமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

உண்மையில் எக்ஸ்ரே பட்ட ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியும் படம் எதுவுமே இல்லை. படம் அதன்பிறகுதான், ஒரு வேதிக் கரைசலுக்குள், சில நிமிடங்களில் உருவாக்கப்படுகிறது. தண்ணீருக்கு இதில் இரண்டு இடங்களில் வேலை உண்டு. இரண்டிலும் அது படத்தை உருவாக்குவதில்லை. ஃபிலிமின் வகைகளைப் பற்றிய பேச்சிலும் இதே போன்ற குழப்பம் நிலவுகிறது. ‘வேகமான ஃபிலிம்’ என்றால் சீக்கிரம் கழுவி முடிக்கக்கூடிய ஃபிலிம் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளர்கள்கூட நினைப்பதுண்டு. வேதியியல் பயிலாதவர்களுக்கும் விளங்கும்படி, பல் எக்ஸ்ரே ஃபிலிம் என்ன பொருள், அதில் எத்தனை வகை, இருட்டறைக்குள் அதற்கு என்ன நேர்கிறது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

நிழல்தான், ஆனால் நிறம் மாறிய நிழல்

மின்சாரம் போன இரவில் மெழுகுவர்த்திக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால், கை மறைத்த இடம் கருப்பாகவும் மற்ற இடம் வெளிச்சமாகவும் தெரியும். பல் எக்ஸ்ரேயும் ஒரு நிழலே. கருவி முகத்துக்கு வெளியே இருக்கிறது, ஃபிலிம் வாய்க்குள் பல்லுக்குப் பின்னால் இருக்கிறது, நடுவில் இருப்பவற்றின் நிழல் ஃபிலிமில் விழுகிறது.

மெழுகுவர்த்தி நிழலுக்கும் இதற்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. கை ஒளியை முழுவதும் தடுத்துவிடும். பல்லும் எலும்பும் எக்ஸ்ரேயை ஓரளவுக்கே தடுக்கின்றன. எனாமல் என்னும் வெளி ஓடு மிக அடர்த்தியானது என்பதால் நிறையத் தடுக்கிறது. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதியான பற்கூழ் மிகக் குறைவாகவே தடுக்கிறது. உலோக நிரப்பி ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடுகிறது. ஆகவே இந்த நிழலில் பல படிநிலைகள் இருக்கின்றன. இரண்டாவது வேறுபாடு, எக்ஸ்ரே பட்ட இடம் ஃபிலிமில் கருப்பாகிறது, படாத இடம் வெளுப்பாக நிற்கிறது. அதனால்தான் எனாமல் வெள்ளையாகவும், பற்கூழ் கருஞ்சாம்பலாகவும், தாதுச்சத்தை இழந்த சொத்தை கருமையாகவும் தெரிகின்றன.

கருமை என்பது அந்த இடத்தில் ஃபிலிமில் எவ்வளவு வெள்ளி கருத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதற்குச் சொத்தையும் காரணமாகலாம். கரைசலில் கூடுதலாகக் கிடந்ததும் காரணமாகலாம். “படம் கருப்பா இருக்கு, பல் போயிடுச்சு போல” என்று நோயாளிகள் பதறுவதைக் கேட்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

பாக்கெட்டைப் பிரித்தால்

வாய்க்குள் வைக்கும் ஃபிலிம் தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய ஒரு பாக்கெட்டாக வருகிறது. வெளியே எச்சிலும் வெளிச்சமும் புகாத, விளிம்புகள் மழுங்கிய பிளாஸ்டிக் உறை. அதன் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளை. மறுபக்கத்தில் நிறமும் எழுத்தும் பிரிக்கும் நாக்கும் இருக்கும். நாக்கைப் பிடித்து இழுத்தால் உள்ளே மடித்த கருப்புக் காகிதம், அதற்கு நடுவில் ஃபிலிம். சில பாக்கெட்டுகளில் இரண்டு ஃபிலிம்கள் இருக்கும். ஒரே தடவையில் இரண்டு படம் கிடைப்பதால், ஒன்றை மருத்துவர் வைத்துக்கொண்டு மற்றொன்றை நோயாளியிடம் கொடுத்துவிடலாம்.

கருப்புக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஈயத் தகடு இருக்கிறது. ஃபிலிமைக் கடந்து வந்த எஞ்சிய எக்ஸ்ரே மேற்கொண்டு நாக்குக்கும் தொண்டைக்கும் போகாமல் குறைப்பதும், பின்பக்கத்திலிருந்து சிதறித் திரும்பும் கதிர் ஃபிலிமை மங்கச் செய்யாமல் காப்பதும் இதன் பணி. இந்தத் தகட்டில் மீன்முள் போன்ற வரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். எவரேனும் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டால் எக்ஸ்ரே முதலில் ஈயத்தின்மேல் பட்டுவிடும். படம் வெளிறிப்போவதோடு அந்த வரிகளும் பல்லின்மேல் பதிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபிலிமின் ஒரு மூலையில் விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சிறு புள்ளி எழும்பியிருக்கும். அதன் புடைத்த பக்கம் எக்ஸ்ரே கருவியை நோக்கி இருக்க வேண்டும். படம் தயாரான பிறகு புடைப்பு நம்மை நோக்கி இருக்கும்படி பிடித்துப் பார்த்தால், நோயாளி எதிரில் அமர்ந்திருப்பது போலவே அவருடைய வலப்பக்கம் நம் இடப்பக்கத்தில் தெரியும். இந்தப் புள்ளியைக் கவனிக்காவிட்டால் வலப்பல் இடப்பல்லாகிவிடும். பல் பிடுங்கும் இடத்தில் அது சிறிய பிழையல்ல.

ஃபிலிமின் உடல்

ஃபிலிமின் நடுவில் இருப்பது சுமார் 0.2 மி.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர் தாள். தொடக்க காலத்தில் இந்த இடத்தில் கண்ணாடி இருந்தது. வில்ஹெல்ம் ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்க்ஹோஃப் என்ற பல் மருத்துவர், கருப்புக் காகிதத்தில் சுற்றிய கண்ணாடித் தகடு ஒன்றைத் தம் வாய்க்குள் வைத்து, 25 நிமிடம் அசையாமல் இருந்து தம் பற்களைப் படமெடுத்தார். இன்று ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிகிற வேலை அது.

பாலியெஸ்டரின் இருபுறமும் பூசப்பட்டிருக்கும் மெல்லிய படலத்துக்கு எமல்ஷன் என்று பெயர். ஜெலட்டின் என்ற கூழ்ப்பொருளில், வெள்ளியும் புரோமினும் சேர்ந்த வெள்ளி புரோமைடு என்னும் உப்பின் மிக நுண்ணிய படிகங்களைக் கலந்து செய்தது இது. சிறிதளவு வெள்ளி அயோடைடும் சேர்ந்திருக்கும். கடற்பாசிப் பாலில் தூவிய கசகசாவைப் போல, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஜெலட்டினில் தனித்தனியே நிற்கின்றன என்று எண்ணிக்கொள்ளலாம். ஜெலட்டினுக்கு இங்கே முக்கியமான ஒரு குணம் உண்டு: கரைசலில் போட்டால் அது கரையாமல் ஊறி உப்பும், உப்பும்போது கரைசல் உள்ளே புகுந்து படிகங்களை எட்டும்.

உறை ஊற்றிய பால்

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். அடுக்களை மேடையில் ஆறிய பால் இரண்டு கிண்ணங்களில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் அரைக் கரண்டி மோரை உறையாக ஊற்றிக் கலக்கியிருக்கிறோம். அடுத்த நிமிடம் வேறொருவர் வந்து பார்த்தால் எதில் உறை ஊற்றியது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனாலும் ஒரு கிண்ணம் தயிராகும் பாதையில் இறங்கிவிட்டது, மற்றொன்று இறங்கவில்லை. வேறுபாடு உள்ளே இருக்கிறது. வெளியே தெரிய உரிய சூடும் நேரமும் வேண்டும்.

எக்ஸ்ரே ஒரு வெள்ளி புரோமைடு படிகத்தைத் தாக்கும்போது நடப்பதும் இதுதான். கதிரின் ஆற்றல் படிகத்துக்குள் சில எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. அவை படிகத்தில் ஏற்கெனவே இருக்கும் சிறு குறைபாட்டுப் புள்ளிகளில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. படிகத்துக்குள் நகரக்கூடிய வெள்ளி அயனிகள், அதாவது எலெக்ட்ரானை இழந்த வெள்ளி அணுக்கள், அந்தப் புள்ளிகளை நோக்கி ஈர்க்கப்பட்டு, இழந்த எலெக்ட்ரானைப் பெற்றுக்கொண்டு உண்மையான வெள்ளி உலோக அணுக்களாகின்றன. நூற்றுக்கணக்கான கோடி வெள்ளி அயனிகள் உள்ள ஒரு படிகத்தில் இப்படி நான்கு அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்தாலே போதும், அந்தப் படிகத்துக்கு உறை விழுந்துவிட்டது என்று பொருள். இந்த விளக்கத்தின் அடிப்படையை 1938-இல் ரொனால்ட் கர்னி, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் வகுத்தனர்.

பல்லின் நிழல் விழுந்த இடத்தில் உறை விழுந்த படிகங்கள் குறைவு; கதிர் தடையின்றி வந்த இடத்தில் அதிகம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பரவலையே மறைபிம்பம் என்கிறோம். நுண்ணோக்கியில் வைத்தாலும் அது படமாகத் தெரியாது. கதிர் ஃபிலிமுக்குள் தங்கியிருக்கிறதோ என்ற அச்சமும் வேண்டியதில்லை. கருவி நின்ற கணத்தில் கதிரும் நின்றுவிடுகிறது, ஃபிலிமில் எஞ்சுவது இடம் மாறிய சில வெள்ளி அணுக்கள் மட்டுமே.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். ஃபிலிம் என்பது ஜெலட்டினில் பதித்த வெள்ளி உப்புப் படிகங்களின் படலம். எக்ஸ்ரே படத்தை வரைவதில்லை; எந்தப் படிகம் பின்னால் கருக்க வேண்டும் என்பதற்கான உறையை மட்டுமே ஊற்றுகிறது.

அளவில் வகைகள்

வாய்க்குள் வைக்கும் ஃபிலிம்கள் எண்களால் அழைக்கப்படுகின்றன. 0 என்பது குழந்தைகளுக்கானது. 22-க்கு 35 மி.மீ. இருக்கும். 1 பெரியவர்களின் முன்பற்களுக்கு ஏற்ற, 24-க்கு 40 மி.மீ. உள்ள ஒடுக்கமான ஃபிலிம். அன்றாடம் அதிகம் பயன்படும் 2, ஏறத்தாழ 31-க்கு 41 மி.மீ. 3 நீளமானது, ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்களின் மேல்பாகங்களை ஒரே படத்தில் பார்க்க உதவும். 4 எல்லாவற்றிலும் பெரியது, 57-க்கு 76 மி.மீ.; அதை நோயாளி பிஸ்கட்டைக் கடிப்பது போலப் பற்களுக்கு இடையில் கிடையாக வைத்துக்கொள்வார். அளவு மாறினாலும் உள்ளிருக்கும் பொருளும் கழுவும் முறையும் ஒன்றே.

‘வேகம்’ என்பது எதன் வேகம்?

ஃபிலிம் பெட்டியின்மேல் டி, இ, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். இவை வேக வகைகள். ஏ, பி, சி ஆகியவை மிக மெதுவானவை; அவை வழக்கொழிந்துவிட்டன. வேகம் என்பது இங்கே கழுவும் வேகமல்ல. தேவையான கருமையைப் பெற எவ்வளவு கதிர் வேண்டும் என்பதன் அளவுகோல் அது. வேகமான ஃபிலிமுக்குக் குறைவான கதிர் போதும்; அவ்வளவுதான்.

கோடாக் நிறுவனம் 1955-இல் டி வகையைச் சேர்ந்த அல்ட்ரா-ஸ்பீடையும், 1981-இல் இ வகையைச் சேர்ந்த எக்டாஸ்பீடையும், 2000-இல் எஃப் வகையைச் சேர்ந்த இன்சைட்டையும் கொண்டுவந்தது. டி வகைக்குக் கொடுக்கும் கதிரில் ஏறத்தாழப் பாதி இ வகைக்குப் போதும். எஃப் வகையில் டி-யைவிட 60 சதவீதம் வரை குறைக்க முடியும்.

இதை எப்படிச் சாதித்தார்கள் என்பதற்கு மழையை நினைத்துக்கொள்ளலாம். ஒரே எடையுள்ள இரண்டு பித்தளைத் துண்டுகளில் ஒன்றை உருண்டையாகவும் மற்றொன்றைத் தட்டையான தாம்பாளமாகவும் அடித்து மொட்டைமாடியில் வைத்தால், எதன்மேல் அதிக மழைத்துளி விழும்? தாம்பாளத்தின்மேல்தான். டி வகை ஃபிலிமில் படிகங்கள் உருண்டை வடிவை ஒத்தவை. எஃப் வகையில் அவை பலகை போலத் தட்டையாக வளர்க்கப்பட்டு, அகன்ற முகம் கதிரை நோக்கி இருக்கும்படி அடுக்கப்பட்டுள்ளன. வெள்ளியின் அளவு கூடாமலே பிடிபடும் கதிர் கூடுகிறது.

“வேகமான ஃபிலிமில் படம் சொரசொரப்பாக இருக்கும்” என்று இன்னும் டி வகையை விடாமல் பிடித்திருக்கும் மருத்துவர்கள் உண்டு. படிகத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டிய பழைய நாள்களில் அந்தக் கவலைக்கு இடமிருந்தது. தட்டைப் படிகம் வந்த பிறகும் அதே காரணத்தைச் சொல்லி நோயாளிக்கு இரு மடங்குக்கும் மேலான கதிரைக் கொடுப்பதை நான் வெறும் பழக்கம் என்றுதான் கருதுகிறேன். நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற முன்னோடிப் பல் மருத்துவர், கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கத் தம் கையையே கதிரில் நீட்டி நீட்டிச் சோதித்து, விரல்களையும் பிறகு கையையும் இழந்தவர். வேகத்தின் பெறுமதியைச் சொல்ல அவர் கதையைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வாய்க்கு வெளியே வைக்கும் ஃபிலிம்

தாடை முழுவதையும் ஒரே அகலப் படமாகக் காட்டும் ஓ.பி.ஜி.யும், பல் கம்பி கட்டுவதற்கு முன் எடுக்கப்படும் பக்கவாட்டுத் தலைப் படமும் வேறொரு இனத்து ஃபிலிமில் எடுக்கப்படுகின்றன. இவை பாக்கெட்டில் வருவதில்லை. வெளிச்சம் புகாத கேசட் என்ற பெட்டிக்குள், இரண்டு ஸ்கிரீன்களுக்கு நடுவில் சாண்ட்விச் போல வைக்கப்படுகின்றன. ஸ்கிரீன் என்பது எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் பொருள் பூசிய அட்டை. எக்ஸ்ரேயின் ஒரு துகள் பட்டால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள்களை ஏராளமாக உமிழ்கிறது. இந்த ஃபிலிமில் மறைபிம்பத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது அந்த ஒளிதான். அதனால் கதிர் வெகுவாகக் குறைகிறது.

அப்படியானால் வாய்க்குள்ளும் ஸ்கிரீனை வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஸ்கிரீனின் ஒளி ஃபிலிமை அடைவதற்குள் சற்றே பரவிவிடுவதால் கூர்மை குறைகிறது. தாடையின் பொதுத் தோற்றத்துக்கு அது பரவாயில்லை. ஓர் ஊசிமுனைச் சொத்தையைத் தேடும்போது பரவாயில்லை என்று விட முடியாது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஸ்கிரீன்களில் நீல ஒளி தருபவையும் பச்சை ஒளி தருபவையும் உண்டு; ஃபிலிமும் அதே நிறத்தை உணர்வதாக இருக்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால், அளவு எண் வாயின் இடத்தைப் பொறுத்தது. வேக எழுத்து கதிரின் அளவைப் பொறுத்தது. ஸ்கிரீன் உண்டா இல்லையா என்பது கூர்மைக்கும் கதிருக்கும் இடையிலான பேரத்தைப் பொறுத்தது.

இருட்டறையின் சிவப்பு விளக்கு

பாக்கெட்டைப் பிரித்த கணத்திலிருந்து, கருக்காத படிகங்களைக் கரைத்து நீக்கும் ஃபிக்சர் என்ற கரைசல் வேலை செய்து முடியும்வரை ஃபிலிம் சாதாரண வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே ஊற்றும் அதே உறையை வெளிச்சமும் ஊற்றிவிடும். ஃபிலிமின் படிகங்கள் ஏறத்தாழ உணராத ஆழ்ந்த சிவப்பு ஒளி மட்டும் இருட்டறையில் அனுமதிக்கப்படுகிறது. 15 வாட் பல்பும் உரிய சிவப்பு வடிகட்டியும், வேலை செய்யும் மேசையிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் உயரமும் வழக்கமான ஏற்பாடு. இடவசதி இல்லாத மருத்துவமனைகளில் நிறக் கண்ணாடி போட்ட மூடியும் கைகளை நுழைக்க இரண்டு துளைகளும் உள்ள ஒரு பெட்டி இருட்டறையாகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய டி வகைக்குப் போதுமானதாக இருந்த ஆரஞ்சு நிற மூடி, எஃப் வகை ஃபிலிமுக்குப் பாதுகாப்பானதல்ல. ஃபிலிமை மாற்றியவர்கள் மூடியை மாற்ற மறந்துவிட்டு, “புது ஃபிலிம் மங்கலாக வருகிறது” என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு. சோதிப்பது எளிது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஃபிலிமைப் பிரித்து மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கை மட்டும் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டுக் கழுவிப் பார்க்க வேண்டும். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு நம்பத் தக்கதல்ல.

டெவலப்பர்: பால் தோயும் நேரம்

வரிசையாக மூன்று தொட்டிகள்: ஒரு புறம் டெவலப்பர், மறுபுறம் ஃபிக்சர், நடுவில் தண்ணீர். ஃபிலிமை விளிம்பில் மட்டும் பிடித்துக் கிளிப்பில் மாட்டி முதலில் டெவலப்பரில் இறக்குகிறோம். குமிழ்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சற்று அசைக்கிறோம்.

டெவலப்பர் என்பது படிகத்துக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து அதிலுள்ள வெள்ளி அயனிகளை வெள்ளி உலோகமாக மாற்றும் கரைசல். ஹைட்ரோகுவினோனும், மெட்டால் அல்லது ஃபெனிடோனும் அந்த வேலையைச் செய்கின்றன. பிந்தையவை சாம்பல் நிறங்களை விரைவாகக் கொண்டுவர, ஹைட்ரோகுவினோன் மெதுவாக ஆழ்ந்த கருமையைச் சேர்க்கிறது. இவற்றோடு, ஜெலட்டினை உப்பச் செய்யும் காரமாக, நாம் சலவைச் சோடா என்று அறிந்த சோடியம் கார்பனேட் சேர்க்கப்படுகிறது.

உறை விழுந்த படிகத்தில் இருக்கும் அந்த நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒரு வாசலைப் போல இயங்குகின்றன. எலெக்ட்ரான்கள் அந்த வாசல் வழியாக உள்ளே பாய்ந்து, படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடுகின்றன. நான்கு அணுக்களின் சேதி பல கோடி மடங்காகப் பெருக்கப்படுகிறது. வெள்ளி என்றால் கொலுசு போலப் பளபளக்க வேண்டுமே என்று கேட்டால், இங்கே அது நூலிழைகள் சிக்கலாகச் சுருண்டது போன்ற நுண்ணிய உருவில் இருப்பதால் ஒளியை விழுங்கிக் கருப்பாகத் தெரிகிறது.

வாசல் இல்லாத படிகத்தையும் டெவலப்பர் சும்மா விடுவதில்லை. அதையும் மாற்றும், ஆனால் மிக மெதுவாக. உறை ஊற்றாத பாலும் வெளியில் நெடுநேரம் கிடந்தால் தானாகவே திரிந்துபோவது போலத்தான். ஆக, படம் என்பது வேகமாக மாறும் படிகங்களுக்கும் மெதுவாக மாறும் படிகங்களுக்கும் இடையிலான கால இடைவெளி. சரியான நேரத்தில் எடுத்தால் உறை விழுந்தவை கருத்திருக்கும், மற்றவை அப்படியே இருக்கும். சீக்கிரம் எடுத்தால் படம் வெளிறும். தாமதித்தால் எல்லாம் கருக்கத் தொடங்கும். “கண்ணால் பார்த்துக்கொண்டே, போதும் என்று தோன்றும்போது எடுத்துவிடுவேன்” என்ற பழக்கம் பரவலாக இருக்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் கண் கருமையைச் சரியாக மதிப்பிடாது. கடிகாரமும் வெப்பமானியும் அந்த வேலையைக் கண்ணைவிட நன்றாகச் செய்கின்றன.

வெப்பமானி ஏன் வேண்டும்?

சித்திரையில் மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும் தயிர், மார்கழியில் விடிந்தும் தோயாமல் கிடக்கும். டெவலப்பரும் அப்படித்தான். 20 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் வேண்டும், 22 டிகிரியில் 4 நிமிடம், 24.5 டிகிரியில் 3 நிமிடம், 26.5 டிகிரியில் இரண்டரை நிமிடம். ஹைட்ரோகுவினோன் குளிரில் ஏறத்தாழத் தூங்கிவிடும். அளவுக்கு மீறிய சூட்டில் ஜெலட்டின் இளகி, உறை விழாத படிகங்களும் கருத்து, படம் புகை மூடியது போலாகும்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட இந்த அட்டவணையைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சுவரில் ஒட்டிவைத்து அப்படியே பின்பற்ற முடியாது. மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். தொட்டியைப் பனிக்கட்டி போட்ட பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிவைப்பதும், குளிரூட்டிய அறையில் கரைசலை வைப்பதும் நம் ஊர் வழிகள். கரைசலுக்குள்ளேயே பனிக்கட்டியைப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். அதைச் செய்யக் கூடாது. தானியங்கிக் கருவிகள் வேண்டுமென்றே சூட்டைக் கூட்டி, அதற்கென்றே தயாரித்த கரைசலில் ஃபிலிமை உருளைகளுக்கு இடையே ஓட்டி, உலர்ந்த படத்தைச் சுமார் 5 நிமிடத்தில் வெளியே தள்ளுகின்றன. வேர் சிகிச்சையின் நடுவில் நோயாளி வாய் திறந்து காத்திருக்கும்போது, 15 நொடியில் டெவலப் செய்யும் செறிந்த கரைசல்களும் உண்டு. அவசரத்துக்கு உதவும், ஆனால் அதே தரம் கிடைக்காது.

டெவலப்பர் காற்று பட்டுப்பட்டு வலுவிழக்கும். தெளிவாக இருந்தது நாளாக நாளாக டிகாஷன் நிறத்துக்குப் போகும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாவது மாற்றாமல், படம் வெளிறுகிறது என்று எக்ஸ்ரே நேரத்தைக் கூட்டுபவர்கள் கரைசலின் செலவை நோயாளியின் உடம்பிலிருந்து வசூலிக்கிறார்கள்.

ஃபிக்சர்: பதரைப் புடைப்பது

டெவலப்பரிலிருந்து வந்த ஃபிலிமை நடுத்தொட்டியில் அரை நிமிடம் அலசுகிறோம். தண்ணீரின் முதல் வேலை இதுவே: ஊறிய ஜெலட்டினில் இருக்கும் காரத்தை நீக்கி டெவலப்பரை நிறுத்துவது. இதைச் செய்யாமல் போட்டால் அடுத்துள்ள அமிலக் கரைசல் வீணாகும்.

இப்போது ஃபிலிமில் கருத்த வெள்ளியும் இருக்கிறது, கருக்காத வெள்ளி புரோமைடும் இருக்கிறது. பார்க்கப் பால் ஊற்றியது போல மங்கலாக இருக்கும். இந்த நிலையில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் எஞ்சிய படிகங்களும் கருக்கத் தொடங்கும். அவற்றைக் கரைத்து நீக்குவது ஃபிக்சர். முறத்தில் புடைக்கும்போது நெல் நிற்கப் பதர் பறப்பது போல, வெள்ளி நிற்க உப்பு போய்விடுகிறது. அம்மோனியம் தயோசல்ஃபேட் அல்லது சோடியம் தயோசல்ஃபேட் இதைச் செய்கிறது. சோடியம் வகையைப் பழைய ஃபோட்டோகாரர்கள் ஹைப்போ என்பார்கள். இருட்டறைக்கு வினிகர் வாடையைத் தரும் அசிட்டிக் அமிலமும், உப்பிய ஜெலட்டினை மீண்டும் இறுக்கும் படிகாரமும் இதில் கலந்திருக்கும். பால்நிறம் மறைந்து ஃபிலிம் தெளிய எவ்வளவு நேரம் ஆனதோ அதைப்போல இரு மடங்கு நேரமாவது உள்ளே இருக்க வேண்டும். வழக்கத்தில் 10 நிமிடம் விடுவார்கள்.

மாணவனாக இருந்தபோது நான் கழுவிய முதல் ஃபிலிம் ஜன்னல் கண்ணாடி போல ஒன்றுமில்லாமல் வந்தது. எக்ஸ்ரே கருவி பழுது என்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, சிவப்பு வெளிச்சத்தில் தொட்டி மாறி முதலில் ஃபிக்சரில் போட்டிருக்கிறேன் என்று. உறை விழுந்ததா விழாததா என்று ஃபிக்சர் பார்ப்பதில்லை. உலோகமாக மாறாத எல்லாவற்றையும் கரைத்துவிடும். டெவலப்பர் மாற்றி வைத்தவை மட்டுமே அதனிடமிருந்து தப்பும்.

படத்தில் தெரியும் தடயங்கள்

இந்த வரிசை புரிந்தால், கெட்ட படத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். பிரிப்பதற்கு முன்னரோ கழுவும்போதோ ஃபிலிமை மடக்கினால் நகப்பிறை போன்ற கரும்கோடு விழும். டெவலப்பருக்கு முன் ஃபிக்சர் துளி பட்ட இடம் வெள்ளைப் புள்ளியாகும். டெவலப்பர் துளி பட்ட இடம் கரும்புள்ளியாகும். இரண்டு ஃபிலிம்கள் ஒட்டிக்கொண்டால், ஒட்டிய இடத்தில் கரைசல் எட்டாமல் திட்டு நிற்கும். காலம் கடந்த அல்லது வெப்பமான அலமாரியில் கிடந்த ஃபிலிம் முழுவதும் மங்கிச் சாம்பலாக வரும். இவற்றில் ஒன்றுகூட நோயாளியின் பல்லைப் பற்றிய செய்தி அல்ல.

இப்போது பல இடங்களில் ஃபிலிமுக்குப் பதில் கணினியோடு இணைந்த சென்சாரோ, பலமுறை பயன்படுத்தக்கூடிய பாஸ்பர் தகடோ வந்துவிட்டது. பாஸ்பர் தகடு பார்க்க ஃபிலிம் போலவே இருப்பதால் அதையும் ஃபிலிம் என்றே சொல்கிறார்கள். அதில் வெள்ளியும் இல்லை, கழுவலும் இல்லை, லேசர் கதிரால் படிக்கப்படுகிறது.

கடைசிக் கழுவல்

ஃபிக்சரிலிருந்து எடுத்த பிறகுதான், பேச்சு வழக்கில் சொல்கிற கழுவல் உண்மையிலேயே நடக்கிறது. ஓடும் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம், பலர் பரிந்துரைப்பதுபோல 20 நிமிடம், ஃபிலிம் நிற்க வேண்டும். ஜெலட்டினுக்குள் ஊறியிருக்கும் தயோசல்ஃபேட்டையும், அது கரைத்துவைத்த வெள்ளிச் சேர்மங்களையும் வெளியேற்றுவதே தண்ணீரின் இரண்டாவது வேலை. இதைக் குறைத்தால் அன்றைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. படம் தெளிவாகவே இருக்கும். மருத்துவர் விளக்கில் வைத்துப் பார்த்துத் திருப்தியடைவார். உள்ளே தங்கிய கந்தகச் சேர்மம் மெல்ல மெல்ல வெள்ளியோடு வினைபுரிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் படத்தைப் பழுப்பாக்கும். வீட்டு அலமாரியில் மருந்துச் சீட்டுகளோடு கிடக்கும் பழைய பல் எக்ஸ்ரே ஒன்றை ஜன்னலோரம் தூக்கிப் பார்த்து, அது பழுப்பேறியிருந்தால், அதை எடுத்த நாளில் யாரோ கடைசித் தொட்டியில் அவசரப்பட்டிருக்கிறார்கள்.